நீல மேஜைக்குப் போகும் வழி

யாருக்கும் காபி வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் நெல்டா இன்னொரு தடவை காபி போட்டாள். தீயணைப்பு நிலையத்துக்குள் நிற்பதற்கு அவளுக்கு வேறு சாக்கு கிடைக்கவில்லை.

"போதும் நெல்டா," என்றார் அவள் கணவர் ராய்ஸ், சிவப்புத் துணி விரித்த மேஜைக்குப் பின்னால் இருந்து. "இனிமே குடிச்சா ராத்திரி தூக்கம் வராது. நீ வீட்டுக்குப் போய்ப் படேன். இந்த ஆகஸ்ட் வெயில் உனக்கு ஒத்துக்காது."

"எனக்கு ஒண்ணும் ஆகாது."

"கால் வலிக்கும்."

"என் கால்தானே வலிக்கும்?"

ராய்ஸ் வாக்காளர் பட்டியலைப் புரட்டினார்.

டங்கன் கிராஸிங்கில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்றுத் தேர்தல் என்றால் இப்படித்தான். தீயணைப்பு வண்டியை வெளியே தள்ளிவிட்டு, அது நின்ற இடத்தில் இரண்டு மேஜை போடுவார்கள். சிவப்புத் துணி ஒரு கட்சிக்கு, நீலத் துணி இன்னொரு கட்சிக்கு; ஒருவர் ஏதாவது ஒரு மேஜையில்தான் ஓட்டுச் சீட்டு வாங்கலாம். மறைப்புக்குள் போய் யார் பெயரில் கோடு போடுகிறீர்கள் என்பது உங்களுக்கும் கடவுளுக்கும் மட்டும்தான் தெரியும். ஆனால் எந்த மேஜையில் சீட்டு வாங்கினீர்கள் என்பது அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

சிவப்பு மேஜையில் வருஷக்கணக்காக ராய்ஸ்தான் உட்காருகிறார். ஆறடி தள்ளி நீல மேஜையில் ஓபி. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், ராய்ஸின் பக்கத்து நிலத்துக்காரர். ராய்ஸின் அப்பா காலத்தில் கதை தலைகீழ். அப்போது மிசிசிப்பியின் இந்த மூலையில் எல்லாரும் நீல மேஜைக்காரர்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து சிவப்புப் பக்கம் வந்துவிட்டார்கள். முதலில் எழுந்த மகராசன் யார் என்று கேட்டால் ஒருத்தருக்கும் நினைவில்லை.

நெல்டா இதுவரை கணவரின் மேஜையைத் தாண்டி அந்தப் பக்கம் போனதே இல்லை. இன்று போயாக வேண்டும்.

காரணம் லொரெட்டா ஸ்பான். ஜில்லா ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு இருந்த காலத்தில் தலைமை நர்ஸ். வார்டை மூடிவிட்டார்கள். மறுபடி திறக்க வைக்கிறேன் என்று லொரெட்டா மாநில செனட்டுக்கு நிற்கிறாள், நீலக் கட்சியில். அங்கேயே அவளுக்கு எதிராக ஒரு வக்கீலும் நிற்கிறார். இன்று தோற்றால் நவம்பர் பொதுத் தேர்தல் சீட்டில் அவள் பெயரே இருக்காது.

வார்டு மூடிய வருஷம்தான் நெல்டாவின் மகள் லேசிக்கு வலி எடுத்தது. பக்கத்து ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பருத்தி வயல் ஓரமாக, ராய்ஸின் பிக்கப் வண்டிக்குள்ளேயே பேரன் பிறந்துவிட்டான். பிழைத்தது கடவுள் புண்ணியம். "இன்னொண்ணு பெத்துக்கணும்னா இந்த ஊர்ல இருக்க மாட்டேன்மா. மெம்ஃபிஸ் போயிடுவோம்," என்று லேசி சொல்லிவிட்டாள். வீடு பார்க்கவும் தொடங்கியாயிற்று. பேரன் கிளம்பிவிட்டால் வீட்டில் சத்தமே இருக்காது.

ராய்ஸ் அந்த நாளைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வண்டியில் இருக்கைக்குப் பின்னால் துவைத்த துண்டுகள் மட்டும் எப்போதும் இருக்கின்றன. வீட்டு வாசல் புல்லில் இந்த வருஷமும் சிவப்புக் கட்சிப் பலகையைச் சுத்தியலால் அடித்து நட்டார். ஒவ்வொரு அடியும் நெல்டாவின் நெஞ்சில் விழுந்தது.

ஆகவே அவளுக்கு வேண்டியது ஐந்தே நிமிஷம். ராய்ஸ் இல்லாத ஐந்து நிமிஷம்.

"நெல்டா, என் கண்ணாடியை வீட்டுலயே விட்டுட்டேன் போல," என்றார் ராய்ஸ். "கொஞ்சம் எடுத்துட்டு வர்றியா? அவசரமில்ல. மெதுவா வா."

இதென்ன கஷ்டம் என்று அலுத்துக்கொண்டே காரை எடுத்தாள். தேவாலயம் வரை போன பிறகுதான் கண்ணாடி அவர் சட்டைப் பையில் இருந்ததைப் பார்த்த ஞாபகம் வந்தது. திரும்பி வந்தால், ராய்ஸ் நீல மேஜை மேல் கை ஊன்றி ஓபியிடம் குனிந்து நின்றிருந்தார். அவளைக் கண்டதும் துள்ளி விலகினார்.

"ஓபிகிட்ட பேனா கேட்டேன்."

"கண்ணாடி உன் பையிலயே இருக்கு ராய்ஸ்."

"அட, ஆமா."

பையில் கண்ணாடியோடு இரண்டு பேனாவும் இருந்தன. நெல்டா அதைக் கவனிக்கும் நிலைமையில் இல்லை. மனுஷனுக்கு வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

மதியம் அவள் ஒரு யோசனை செய்தாள். வீட்டில் பொரித்து வைத்திருந்த கோழியையும் உருளைக்கிழங்கு சாலட்டையும் கொண்டுவந்து, வெளியே மர நிழலில் நின்ற பிக்கப்பின் பின்கதவை இறக்கிப் பரப்பினாள்.

"ராய்ஸ், வந்து சாப்பிடு. சூடு ஆறிடும்."

"நான் அப்புறம் சாப்பிடறேன். நீ போய் எல்லாருக்கும் பரிமாறு. ஒருத்தர் விடாம கூட்டிட்டுப் போ. ஓபி மட்டும் இங்க இருக்கட்டும், அவனுக்குத் தட்டை உள்ளயே குடுத்துடலாம்."

"கோழி வாசம் அடிக்கையில என்னை மேஜையில உட்காரச் சொல்றது பாவம்யா," என்று ஓபி எழுந்து போயே போய்விட்டார்.

ராய்ஸ் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே நெல்டாவிடம் தட்டு நீட்டியவர்கள் வரிசையில் நின்றார்கள். ஓட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய ஆட்களெல்லாம் கோழியைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள். தேவாலயத்துப் பாடகர் குழுவில் பாதி அங்கேதான். அந்தக் குழுவுக்குப் பியானோ வாசிப்பவள் நெல்டா. ஒரு ஆளை அப்புறப்படுத்தப் போய், இருபது சாட்சிகளைத் தானே சோறு போட்டு உட்கார வைத்திருந்தாள்.

வேறு வழியில்லாமல் கட்டடத்தின் பின்பக்கம் போய்ச் சிநேகிதி ட்ரூடிக்குப் போன் போட்டாள்.

"ட்ரூடி, எனக்கு ஒரு உபகாரம் பண்ணணும். ராய்ஸுக்குப் போன் பண்ணி, அவன் மாடுங்க ரோட்டுக்கு வந்துடுச்சுன்னு சொல்லு."

"வந்துடுச்சா?"

"வரல. சும்மா சொல்லு."

"பொய்யா? நெல்டா, நான் ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களுக்கு வேதம் சொல்லித் தர்றவ."

"லேசிக்காகன்னு நினைச்சுக்கோ."

"சரி, பாக்கறேன்," என்றாள் ட்ரூடி.

கால் மணி நேரம் கழித்து, நிலையத்துக் கூரை மேலிருந்த சங்கு ஊரே அதிர அலறியது. ட்ரூடி ராய்ஸின் கைப்பேசிக்குப் போடவில்லை. அவசரம் என்றால் எங்கே கூப்பிட வேண்டுமோ அங்கேயே கூப்பிட்டுவிட்டாள். கோழிக்காலோடு உட்கார்ந்திருந்த தீயணைப்புத் தொண்டர்கள் கோழிக்காலோடு ஓடினார்கள். பாடகர் குழுவும் வேடிக்கை பார்க்கக் கிளம்பியது.

"ராய்ஸ், உன் மாடுதானாம். ரோட்டுல நிக்குதாம்," என்று ஒருவன் கத்திவிட்டுப் போனான்.

நெல்டா மூச்சைப் பிடித்துக்கொண்டு கணவரைப் பார்த்தாள். ராய்ஸ் அசையவில்லை.

"நெல்டா, நீ போ," என்றார். "உன் குரலுக்குத்தான் அதுங்க வரும்."

"மாடு உன்னோடது. நீ போ."

"நான் மேஜையை விட்டு எழுந்திரிக்கக் கூடாது."

"எனக்குச் சரியான செருப்பு இல்ல."

இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து ஓபிக்கே பொறுக்கவில்லை. லாரிச் சாவியை எடுத்தார். "என் லாரியில கயிறு கிடக்கு. நானே போறேன்."

"ஓபி, நீ போகாத," என்றார் ராய்ஸ். கிட்டத்தட்டக் கெஞ்சினார். "நீ இருப்பா."

"உன் மாடு ரோட்டுல நிக்குது, என்னை இருங்கிறியே, உனக்கு என்ன ஆச்சு? என் மேஜையையும் சேர்த்துப் பாத்துக்க. நெல்டாம்மா, இவனுக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க."

ஓபி போய்விட்டார். ராய்ஸ் பெருமூச்சு விட்டு, எழுந்து ஆறடி நடந்து, நீல மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

நெல்டாவுக்குத் தலை சுற்றியது. காலையில் கணவர் பார்க்காமல் சீட்டு வாங்கினால் போதும் என்றிருந்தது. இப்போது அந்தச் சீட்டையே கணவர் கையால் வாங்க வேண்டும்.

கைப்பேசி அடித்தது. ட்ரூடி.

"நெல்டா, எனக்குப் பொய் சொல்ல வாய் வரல. அதனால முதல்ல உங்க வேலிக் கதவைத் திறந்துவிட்டுட்டு, அப்புறம்தான் போன் பண்ணேன். இப்ப ஒரு மாடு கல்லறைத் தோட்டத்துல பூவெல்லாம் தின்னுட்டிருக்கு. உங்க மாமியார் பக்கத்துலதான் நிக்குது."

நெல்டா போனை அணைத்துவிட்டாள். சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பருத்தி வயல் ஓரத்தில் லேசி தன் கையைப் பிடித்துக்கொண்டு கத்தியது மட்டும் காதில் கேட்டது. இத்தனை கூத்தும் எதற்கு, யாருக்குப் பயந்து என்று அவளுக்கே கோபம் வந்தது. நேராக நடந்து போய் நீல மேஜை முன்னால் நின்றாள்.

"எனக்குச் சீட்டு குடு ராய்ஸ்."

"இது நீல மேஜை நெல்டா."

"தெரியும்."

"என் மேஜை அந்தப் பக்கம்."

"தெரியும் ராய்ஸ். நான் லொரெட்டாவுக்குப் போடப் போறேன். அந்த வார்டு திறக்கணும். என் பேரன் இந்த ஊர்லயே வளரணும். நீ பேசலன்னாலும் பரவாயில்ல, சோபாவுல போய்ப் படுத்தாலும் பரவாயில்ல. நீ பாக்காதப்ப வாங்கிடலாம்னு காலையிலேர்ந்து பாத்தேன், முடியல. அதான் உன் மூஞ்சியைப் பாத்தே கேக்கறேன்."

ராய்ஸ் சீட்டுக் கட்டை முன்னால் இழுத்தார். காது இரண்டும் சிவந்துவிட்டன.

"பேரு?" என்றார்.

"என்ன?"

"பேரு கேக்கணும். விதி."

"நெல்டா ஹார்க்னெஸ். உன் பொண்டாட்டி."

அவர் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். முப்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்த மனுஷனை இப்படிச் சங்கடத்தில் தள்ளிவிட்டோமே என்று நெல்டாவுக்கு உள்ளுக்குள் வலித்தது. ஆனாலும் சீட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மறைப்புக்குள் போய், லொரெட்டாவின் பெயருக்கு எதிரே பேனாவை அழுத்திக் கோடு போட்டுவிட்டு, பெட்டியில் செலுத்தினாள்.

திரும்பி வந்தபோது ராய்ஸ் கைக்குட்டையால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

"கோபமா?" என்று மெல்லக் கேட்டாள்.

"தூசி," என்றார் ராய்ஸ்.

அதற்கு மேல் மின்விசிறிதான் சத்தம் போட்டது. இனி ராத்திரிச் சாப்பாட்டு மேஜையும் இப்படித்தான் இருக்கும் என்று அவள் மனதைத் திடப்படுத்திக்கொண்டாள். மீதி இருந்த காபியை ஒரு கோப்பையில் ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். ராத்திரி தூக்கம் வராது என்றவர், மறுக்காமல் எடுத்துக் குடித்தார்.

அப்போது முழங்கால் வரை சேறும் தோளில் கயிறுமாக ஓபி உள்ளே வந்தார். நெல்டாவின் சட்டையில் 'நான் வாக்களித்தேன்' என்ற வட்டச் சீட்டு ஒட்டியிருந்ததைப் பார்த்தார். யாரும் இல்லாத சிவப்பு மேஜையைப் பார்த்தார். பிறகு ராய்ஸின் தோளைத் தட்டினார்.

"என்ன, நெல்டாம்மாவுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சா? அப்ப எந்திரிய்யா, என் நாற்காலியைக் குடு. கதவு திறந்ததுலேர்ந்து 'நெல்டா வெளிய போகட்டும், நெல்டா வெளிய போகட்டும்'னு என் உயிரை எடுத்தியே, இப்பவாவது உன் நீலச் சீட்டை வாங்கிக்க."