பச்சை எழுத்து வராத ஏழு ஞாயிற்றுக்கிழமைகள்

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தானே? இங்கே உங்கள் தம்பி நலம், வாண்டு அதிநலம், நான் மட்டும் கொஞ்சம் தலைகுனிந்த நலம். மூன்று வாரம் முன்பே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. மெசேஜில் சொல்லியிருக்கலாம், ஆனால் முதல் வரியைப் பார்த்ததுமே நீங்கள் "என்னடி ஆச்சு?" என்று கூப்பிட்டுவிடுவீர்கள், மீதியைச் சொல்லாமல் மழுப்பிவிடுவேன்.

விஷயம் உங்கள் கார். ஊரை விட்டுக் கிளம்பும்போது சாவியையும் இரண்டு பக்கக் குறிப்பையும் என் கையில் வைத்து, "ஹைப்ரிட் வண்டி, சும்மா நின்னா சின்ன பேட்டரி செத்துரும். வாரம் ஒருநாள் அரை மணி நேரம் ஆன் பண்ணி வை, ஹெட்லைட்டையும் கொஞ்சம் கவனி" என்றீர்கள். நான் என்ன சொன்னேன் என்று நினைத்தாலே காது சுடுகிறது. "அண்ணி, நான் எம்.எஸ்சி. பிசிக்ஸ்!" என்று சொல்லிவிட்டுக் குறிப்பைப் படிக்காமலே டிராயரில் போட்டேன்.

ஞாயிறு தவறாமல் போனேன் அண்ணி, அது சத்தியம். வாண்டைத் தூக்கிக்கொண்டு பார்க்கிங்குக்கு இறங்கி, உட்கார்ந்து, பட்டனை அமுக்குவேன். திரை பளிச்சென்று எரியும், பாட்டு வரும். இன்ஜின் சத்தம் வராது. ஹைப்ரிட் என்றால் சத்தமே வராதாமே, என்ன நாகரிகமான வண்டி என்று மெச்சிக்கொண்டேன். ஹெட்லைட்டைக் கவனிக்கச் சொன்னீர்களே, அதற்கும் பயிற்சி ஆகட்டும் என்று அரை மணியும் எரியவிட்டேன். வாண்டு ஐந்தாவது நிமிடம் தூங்கிவிடுவாள். குக்கர் இல்லை, காலிங்பெல் இல்லை, "அம்மா" இல்லை. உண்மையைச் சொன்னால் அந்த அரை மணிக்காகத்தான் வாரம் முழுக்கக் காத்திருந்தேன். பிறகு மேலே வந்து "ஆன் பண்ணி வச்சாச்சு அண்ணி" என்று உங்களுக்கு மெசேஜ். நீங்களும் கட்டைவிரல் அனுப்புவீர்கள். இப்படி நான்கு வாரம்.

ஐந்தாவது ஞாயிறு வண்டி கண்ணே திறக்கவில்லை. சாவியை அமுக்கினால் கதவு திறக்கவில்லை, டிக்கி திறக்கவில்லை. பயத்தில் மேலே ஓடிவந்து உங்களுக்கு "ஆன் பண்ணி வச்சாச்சு அண்ணி" என்றே அனுப்பினேன், அடுத்த இரண்டு ஞாயிறும் அதையே. முதல் நான்கு அறியாமை, அதை மன்னிக்கலாம். அடுத்த மூன்றும் தெரிந்தே சொன்ன பொய்.

அந்தக் குற்ற உணர்ச்சியில், ஹெட்லைட்டையாவது பளபளப்பாக்குவோம் என்று இறங்கினேன். மஞ்சள் படிந்திருந்தது. டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் போகும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். கையில் கிடைத்தது வாண்டின் ஸ்ட்ராபெரி பேஸ்ட். வாட்ச்மேன் பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு, "என்னம்மா, வண்டிக்குப் பல்லு வெளக்கி விடறீங்களா?" என்றார். மறுநாள் காலை இரண்டு விளக்கிலும் எறும்பு, ஊர்வலமாக. காய்ந்துபோன பேஸ்ட்டைச் சுரண்டப் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்தேன். இனி எழுதக் கை வரவில்லை. இடது விளக்குக்கு இப்போது கண்புரை விழுந்த மாதிரி இருக்கிறது.

நேற்று உங்கள் தம்பியிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவர் மெக்கானிக்கைக் கூட்டிவந்தார். வந்தவர் சாவிக்குள்ளிருந்தே இன்னொரு குட்டிச் சாவியை உருவிக் கதவைத் திறந்தார் (அது குறிப்பில் முதல் பக்கத்திலேயே இருக்கிறதாம்), பானெட்டுக்குள் வயரை மாட்டி உயிர் கொடுத்தார், அப்புறம்தான் டிக்கி திறந்தது. செத்துப்போன சின்ன பேட்டரி அதற்குள்ளே இருந்தது.

"வண்டியை ஓட்டறதுக்குன்னு தனியா அவ்வளவு பெரிய பேட்டரி இருக்கே, அது இருந்தும் ஏங்க ஓடல?" என்று மெக்கானிக்கிடம் கேட்டேன்.

"வீடு நிறைய ஆள் இருந்தாலும் கதவைத் திறக்க ஒருத்தர் எழுந்து வரணும் இல்லம்மா? அது இந்தச் சின்னதுதான். சரி, ஆன் பண்ணும்போது ரெடின்னு பச்சை எழுத்து வந்துச்சா?"

"பாட்டு வந்துச்சு."

"பிரேக்கை மிதிச்சுக்கிட்டுத்தானே பட்டனை அமுக்கினீங்க?"

"நிக்கிற வண்டிக்கு எதுக்குங்க பிரேக்?"

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிரேக்கை மிதிக்காமல் அமுக்கினால் வண்டி கிளம்பாதாம், பாட்டும் விளக்கும் மட்டும்தானாம். சார்ஜ் ஏற்றுவதாக நினைத்து நான் அரை மணி அரை மணியாக உறிஞ்சியிருக்கிறேன். "என்னம்மா படிச்சிருக்கீங்க?" என்றார். இயற்பியலின் மானத்தைக் காப்பாற்ற, "பி.காம்" என்றேன். பின்னால் வாண்டை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற உங்கள் தம்பி, பெருமையாக, "எம்.எஸ்சி. பிசிக்ஸ். ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றார். உங்கள் தம்பியை என்ன செய்வது என்று நீங்களே சொல்லுங்கள்.

புது பேட்டரி போட்டாயிற்று. விளக்கு மூடியை மாற்றத்தான் வேண்டுமாம், மாற்றிவிடுகிறேன். ஆனால் அண்ணி, "மூணு மாசம் ஒழுங்கா பார்த்துக்கிட்டா வண்டி உனக்குத்தான், குழந்தையைக் காப்பகத்துல விட்டுட்டு மறுபடி வேலைக்குப் போ" என்றீர்களே, அந்த வாக்கை நான் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். ஒன்றாம் தேதி ஆய்வகத்தில் சேரச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பஸ் மாறி, வாண்டையும் பையையும் தூக்கிக்கொண்டு எப்படிப் போவது என்று தெரியவில்லை, ஒருவேளை போகவே முடியாது. இருந்தாலும் உங்களிடம் மூன்று வாரம் நடித்துவிட்டு அந்த சீட்டில் உட்கார எனக்கு உடம்பு கூசுகிறது. வண்டியை வேறு யாருக்காவது, குறிப்பைப் படிக்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.

அங்கே வேளைக்குச் சாப்பிடுங்கள், குளிரில் அலையாதீர்கள். வாண்டு அத்தைக்கு முத்தம் கொடுக்கச் சொன்னாள், காகிதத்தில் ஈரமாக இருப்பது அதுதான். பெரும்பாலும் அதுதான்.

மன்னிப்பை எதிர்பார்த்து, அது கிடைக்காவிட்டாலும் அன்பு மாறாத,
உங்கள் தம்பி மனைவி

பி.கு.: உறையை ஒட்டப் போகிற நேரம் நீங்களே கூப்பிட்டீர்கள். "வண்டி எப்படிம்மா இருக்கு?" என்றீர்கள். "குதிரை மாதிரி இருக்கு அண்ணி!" என்றேன். "லைட்டு?" "பளிங்கு மாதிரி அண்ணி!" "அப்ப எதுக்கு மூணு மாசம் காத்திருக்கணும்? இந்த வாரமே உன் பேருக்கு மாத்திக் கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன்" என்றீர்கள். "ரொம்ப தேங்க்ஸ் அண்ணி" என்று சொல்லி வைத்துவிட்டேன். உங்கள் தம்பி ஸ்டாம்ப்பை எடுத்து என் முன்னால் வைத்தார். அதனால் அனுப்புகிறேன். போனில் சொன்னதை நம்புவதா, கடிதத்தை நம்புவதா என்று குழம்ப வேண்டாம், கடிதம்தான் உண்மை. ஒரே ஒரு வேண்டுகோள்: கையெழுத்துப் போட்ட பிறகு படியுங்கள்.