ஐந்தாவது டோக்கனும் லைன் அண்ணனும்

அன்றைக்கு அந்தச் சின்ன அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். டாக்டர் மேடம், ரத்தம் எடுக்கும் சுகுணா அக்கா, நான். யாரைப் பற்றிப் பேசக் கூடினோமோ அவர் மட்டும் இல்லை. நான்தான் கூப்பிடப் போனேன். "லைனை யாரு பாப்பாங்க குரு? நீங்களே பேசி முடிச்சிடுங்க. வேலை இருக்கா இல்லையான்னு மட்டும் மத்தியானத்துக்குள்ள சொல்லிட்டா போதும். சாப்பாட்டு டப்பாவை இங்க தொறக்கலாமா, வீட்ல போய் தொறக்கலாமான்னு தெரியணும்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பெங்களூரில் மனிதர்கள் ஒருவர் பின்னால் ஒருவராக நிற்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் லைன் அண்ணன்தான் என்று நான் எந்த மேடையிலும் சொல்லத் தயார். கன்டோன்மென்ட் பக்கம் இருந்த எங்கள் தர்ம ஆஸ்பத்திரியின் ஓ.பி. வாசலில் டோக்கன் கொடுக்கும் செக்யூரிட்டி அவர். ஜீவனஹள்ளியில் வீடு. நிஜப் பெயர் அவரை வேலைக்கு எடுத்த ஏஜென்சிக்கே மறந்துபோயிருந்தது. "பின்னாடி போங்க, ஹிந்தே ஹோகி, பீச்சே ஜாவ், பேக் பேக்" என்று ஒரே மூச்சில் நான்கு மொழியில் ஒரு கூட்டத்தையே கயிறாகத் திரித்துவிடுவார்.

கொரோனா முதல் அலையில் ஆளுக்கொரு வட்டம் போட்டு நிற்க வைக்கச் சொன்னார்கள். ஊரெல்லாம் பெயின்ட் அடித்தார்கள். இவர் மட்டும் தினமும் விடிந்ததும் சாக்பீஸால் போடுவார். கேட்டால், "பெயின்ட் அடிச்சா எல்லாருக்கும் ஒரே சைஸ் ஆயிடும் குரு. மனுஷன் ஒரே சைஸா இருக்கானா?" என்பார். பருத்த ஆளுக்குப் பெரிய வட்டம். கைக்குழந்தைக்காரிக்கு முட்டை வடிவம். ஊன்றுகோல் வைத்திருப்பவருக்கு வட்டத்தில் ஒரு வால். ஒன்பது மணிக்கு ஹவுஸ்கீப்பிங் அம்மா துடைப்பத்தோடு வந்து எல்லாவற்றையும் துடைப்பார். இவர் முனகாமல் மறுபடி குனிந்து போடுவார்.

மகள் கல்யாணத்தில் மொய் வைக்க வந்தவர்களுக்கு டோக்கன் கொடுத்தவர் அவர். மாப்பிள்ளையின் சொந்தத் தாய்மாமன் மேடை ஏறும்போது பந்தியில் ரசம்கூட தீர்ந்துபோயிருந்தது. அந்தக் குடும்பம் இன்றுவரை இவரோடு பேசுவதில்லை. ஒருமுறை ஓசூர் போகும்போது அத்திபெலேயில் பஸ் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. ஜனமெல்லாம் திட்டிக்கொண்டிருக்க, இவர் இறங்கி ஓரமாக நின்று, "ஒருத்தனாவது சைடுல நுழையறானா பாரு" என்று நெஞ்சு நிறைந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். பஸ் போய்விட்டது.

இப்படிப்பட்ட மனிதரின் வாசலுக்குத்தான் எங்கள் ஆராய்ச்சி வந்து சேர்ந்தது.

முதல் அலை ஓய்ந்து, தடுப்பூசி இன்னும் வராத நாட்கள். ஓ.பி.க்குக் கால்வலி, சுகர், பல்வலி என்று வருகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியாமலே கொரோனா வந்து போயிருக்கிறது என்று ரத்தத்தில் பார்ப்பதுதான் வேலை. வந்து போயிருந்தால் அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கும். மேடம் தலைமை. நான் ஆட்களிடம் பேசிச் சம்மதம் வாங்குகிறவன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் என்பதால் என் வேலையைச் சந்தாபுராவில் சித்தாள் வேலைக்குப் போகும் அம்மாவுக்கு விளக்க வேண்டியிருந்தது. "வந்து போனதுக்கப்புறம் வந்துச்சான்னு கேக்கறதுக்கா மாசச் சம்பளம்?" என்றார் அம்மா. முகக்கவசத்துக்குள் வியர்த்தபடி, நாள் முழுக்க அதே நான்கு வாக்கியங்களை ஓயாமல் சொல்லிச் சொல்லி, சாயங்காலம் எனக்கும் அந்தச் சந்தேகம் வந்துவிடும்.

விதி எளிமையானது. ஐந்தாவது டோக்கன், பத்தாவது, பதினைந்தாவது என்று ஒவ்வொரு ஐந்தாவது ஆளையும் கேட்க வேண்டும். யார் என்று நாம் தேர்ந்தெடுக்கக் கூடாது. அப்போதுதான் கணக்கு ஊருக்குப் பொருந்தும். ரத்தம் கொடுத்தவருக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட், ஒரு மோர் பாக்கெட்.

லைன் அண்ணனிடம் இதைச் சொன்னபோது முகம் சுருங்கியது. "அஞ்சாவதா வர்றவன் என்னா பாவம் பண்ணான்?"

"ஊசி குத்தறது தண்டனை இல்லண்ணா. பிஸ்கட், மோரெல்லாம் தர்றோம்."

விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்ப மத்த நாலு பேரு என்னா பாவம் பண்ணான்?"

அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அச்சடித்த விதி என்றால் உலகமே அதன்படி நடக்கும் என்று நம்புகிறவன் நான். உறைக்கவில்லை.

வேலை அமோகமாக நடந்தது. நான் கேட்ட ஒருவர்கூட முடியாது என்று சொல்லவில்லை. சிரித்த முகமாகக் கையை நீட்டினார்கள். என் பேச்சுத் திறமை என்று நினைத்துக்கொண்டேன். தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் வளர்த்து, இங்கிலீஷில் முடிக்கிற என் பாணிக்கு மயங்குகிறார்கள் என்று அம்மாவிடம்கூடச் சொன்னேன்.

மேடம்தான் ஒருநாள் பட்டியலைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஒருத்தர்கூட மறுக்கலையா?"

"இல்ல மேடம்" என்றேன் பெருமையாக.

"நான் என் புருஷன்கிட்ட டீ வேணுமான்னு கேட்டாக்கூட பத்துல ரெண்டு தடவை வேண்டாம்பார். ஆஸ்பத்திரிக்கு வந்த ஜனம் ஊசிக்கு ஒருத்தர்கூட வேண்டாங்கலையா?" மறுபடி பட்டியலைப் பார்த்தார். "எல்லாரும் சுகர் பேஷன்ட். எல்லாரும் காலைல சாப்பிடாம வந்தவங்க. எல்லாரும் நல்ல கனம். என்ன ஊர் இது?"

சுகுணா அக்கா தொண்டையைச் செருமினார். "மேடம், நம்ம லைன் அண்ணன் ஆள மாத்தி விடறாரு."

விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. சந்தாபுரா, ஆனேக்கல் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வெறும் வயிற்றோடு சுகர் டெஸ்டுக்கு வருகிறவர்கள் நிறைய. டெஸ்ட் ரத்தத்தைக் கொடுத்துவிட்டு, டாக்டரைப் பார்க்க வரிசையில் கண் இருட்ட நிற்பார்கள். லைன் அண்ணன் அவர்களுக்கென்று ஐந்தும் பத்தும் எடுத்து வைத்துக் கொடுத்திருக்கிறார், பிஸ்கட்டுக்காக. அதே சமயம் வற்றிய உடம்புக்காரர்களைச் சேர்க்கவில்லை. "அந்த அம்மாவுக்கு ரத்தமே இல்ல, அதுலயும் எடுக்கணுமா?" என்பது அவர் கட்சி. ஆக, பசியும் இருக்க வேண்டும், ரத்தமும் இருக்க வேண்டும். போதாததற்கு, டோக்கன் கையில் வைக்கும் முன்னாலேயே "ஊசின்னா பயமா?" என்று கேட்டு, பயந்தவர்களை ஆறாவதுக்குத் தள்ளிவிடுவார். பெங்களூரின் தைரியசாலியான, பசித்த, பருத்த சுகர்காரர்கள் எல்லோரும் எங்கள் பட்டியலில் இருந்தார்கள். வேறு யாரும் இல்லை.

இதற்காகத்தான் அந்த மூன்று பேர் கூட்டம். எடுத்த ரத்தமெல்லாம் வீண். மறுபடி முதலிலிருந்து. ஏஜென்சிக்கு மேடம் ஒரு வரி எழுதினால் மறுநாள் வாசலில் வேறு ஆள் நிற்பார். ஜீவனஹள்ளியில் அவர் சம்பளத்தில் மட்டும்தான் அடுப்பு எரிந்தது. இரண்டு பையன்களுக்கும் ஊரடங்கில் வேலை போயிருந்தது.

"அவர் வரலைன்னா நான் போறேன்" என்று மேடம் எழுந்தார். நாங்களும் பின்னால் போனோம்.

லைன் அண்ணன் மேடத்தைப் பார்த்தார். சல்யூட் அடித்தார். பிறகு குனிந்து, வரிசைக் கடைசியில் சாக்பீஸால் அளவாக ஒரு வட்டம் போட்டார். "மேடம், முன்னாடி ஏழு பேரு இருக்காங்க. ரவுண்டுல நில்லுங்க."

மேடம் நின்றார். நாங்கள் இரண்டு பேரும் என்ன செய்வது என்று தெரியாமல் வட்டமில்லாமல் நின்றோம். அதற்கும் திட்டு வாங்கினோம்.

தன் முறை வந்ததும் மேடம் கேட்டார். "ஏன் இப்படிப் பண்ணீங்க? யாரையும் பாக்காம அஞ்சாவது ஆளை விடுங்கன்னுதானே சொன்னோம்?"

"பாக்காம எப்டி மேடம் வுடறது?" அவர் குரலில் நிஜமாகவே ஆச்சரியம். "கண்ண மூடிக்கினு எண்றதுக்கு என்னை எதுக்கு நிக்க வெச்சீங்க? ஒருத்தன் நிக்க முடியாம ஆடறான். பாத்தப்புறம் பாக்காத மாதிரி இருக்க எனக்கு வரல."

"உங்களால மூணு மாச வேலை போச்சு."

"தப்புதான். நீங்க எழுதறத எழுதுங்க. ஆனா அந்தப் பிஸ்கட்ட மட்டும் அஞ்சுல ஒருத்தனுக்குன்னு வெக்காதீங்க மேடம். பசிக்கு லைன் கிடையாது." வரிசையையே வாழ்க்கையாகக் கொண்டவர் வாயிலிருந்து அது வந்ததில் எங்களுக்கே கொஞ்சம் தூக்கிவாரிப்போட்டது. அவருக்கும்தான் போலிருக்கிறது. உடனே திரும்பி யாரையோ "பின்னாடி போங்க" என்று அதட்டினார்.

மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அந்த வருஷம் முழுக்க எல்லோருக்குமே அப்படி ஒரு களைப்பு இருந்தது. கோபப்படக்கூடத் தெம்பில்லாத களைப்பு. கடைசியில் சொன்னார். "வெறும் வயித்தோட வர்ற சுகர்காரங்க அத்தனை பேருக்கும் பிஸ்கட். ரத்தம் குடுத்தாலும் குடுக்கலைன்னாலும். பதிலுக்கு டோக்கன்ல நீங்க கை வெக்கக் கூடாது. இன்னொரு தடவை மாத்தினா லெட்டர்தான்."

"மாத்த மாட்டேன் மேடம்."

"சாப்பாட்டு டப்பாவை இங்கயே தொறங்க."

மறுநாளிலிருந்து லைன் அண்ணன் நிஜமாகவே கண்ணை இறுக்க மூடிக்கொண்டு டோக்கன் கொடுத்தார். பாதி கீழே விழுந்தது. ஒரு தாத்தா, "பாவம், இந்தாளுக்கே கண்ணு தெரியல, இவரை முதல்ல டாக்டர்கிட்ட அனுப்புங்கப்பா" என்றார். அன்று ஐந்தாவதாக வந்தவர் ஒல்லியான ஒரு கல்லூரிப் பெண். என் மூன்று மொழிப் பேச்சையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பேடா சார்" என்று போய்விட்டார். நான் வெளுத்த முகத்தோடு மேடத்திடம் ஓடினேன். மேடம் நாற்காலியில் சாய்ந்து, "அப்பாடா, ஒருத்தர் வேண்டாம்னுட்டாங்க" என்று முதல் முறையாகச் சிரித்தபடி அந்தப் பட்டியலில் டிக் அடித்தார்.

முடிவு என்ன என்று கேட்பீர்கள். நிறையப் பேருக்கு வந்து, ஒரு தும்மல்கூட இல்லாமல் போயிருந்தது. எங்களில் லைன் அண்ணனுக்கு மட்டும் வந்ததா இல்லையா என்று கடைசிவரை தெரியவில்லை. ஐந்தாவது ஆளாக நிற்க வேண்டுமானால் முதலில் வரிசையில் நிற்க வேண்டுமே. அவர் வரிசைக்கு வெளியே நிற்கிறவர்.

ரத்தம் கொடுக்காதவர்களின் பிஸ்கட்டை ஆராய்ச்சிக் கணக்கில் எழுத முடியாது என்று ஆபீஸில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். மேடம், சுகுணா அக்கா, நான், மூன்று பேரும் மாதாமாதம் போட்டுக்கொண்டோம். அவரிடம் கேட்கவில்லை. ஆனால் சம்பளத் தேதியில் தன் பங்குக் காசோடு முதல் ஆளாக வந்து நிற்பார். எங்களில் குறைந்த சம்பளம் அவருக்குத்தான். வேண்டாம் என்று மேடம் சொன்னால், "லைன்ல நிக்கறவன தள்ளக் கூடாது மேடம்" என்பார். அடுத்த மார்ச்சில் ஆராய்ச்சி முடியும் வரைக்கும் அந்த மனுஷனை எங்களோடு வைத்துக்கொள்ள எங்கள் நாலு பேருக்கும் சேர்த்து ஆன பிஸ்கட் செலவு, ஒன்பதாயிரத்து இருநூறு ரூபாய்.