மில்லிமீட்டர் பாய் பிரித்துத் தந்த பழி

எங்கள் தெருவில் பெய்த எந்த மழையும் மில்லிமீட்டர் பாயின் விசாரணைக்குத் தப்பியதில்லை. போலீசுக்குத் தப்ப நினைப்பவர்களாவது ஜீப் ஏறிக் குமுளியைத் தாண்டிக் கேரளாவுக்குப் போய்விடலாம். மழைக்கு அந்த வழியும் இல்லை.

கம்பத்துக்கு நான் கணக்கு வாத்தியாராக வந்த நாளிலிருந்தே எனக்கு எதிர்வீட்டுக்காரர் அவர். ஊருக்கு வெளியே கொஞ்சம் திராட்சைத் தோட்டம் வைத்திருந்தார். மொட்டை மாடியில் ஒரு தகர உருளை. பாடப்புத்தகம் அதை மழைமானி என்று சொல்லும், அவர் வீட்டம்மா டப்பா என்று சொல்வார். தினமும் காலை எட்டரைக்கு மாடி ஏறி, உள்ளே விழுந்த மழையை அளந்து, இறங்கி வந்து தெருவுக்கே அறிவிப்பார். "பன்னெண்டு மில்லிமீட்டர்." கேட்டவர்கள் யாருமில்லை. ஆனாலும் அவர் சொல்லாமல் போனதில்லை. பெற்றோர் வைத்த பெயர் அப்படித்தான் தொலைந்துபோனது.

மகளின் நிக்காஹ் அன்றும் எட்டரை வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வாசலில் வந்து இறங்குகிறார்கள், வரவேற்க ஆளைக் காணோம். அவர் வீட்டம்மா மாடியை அண்ணாந்து பார்த்துக் கூப்பிட்டார்.

"சம்பந்தி வந்துட்டாக. எங்க போனீகன்னு கேக்குறாக."

மேலிருந்து பதில் வந்தது. "மூணரைன்னு சொல்லு."

சம்பந்தி அதை நிக்காஹ் நேரம் என்று எடுத்துக்கொண்டு பதறிப்போனார். மதிய பிரியாணி மாலைக்குத் தள்ளிப்போய்விட்டதோ என்ற கவலை அவர் முகத்திலிருந்து விலகக் கொஞ்ச நேரமானது.

அந்தச் சமயத்தில்தான் டிவியிலும் செல்போனிலும் 'கிளைமேட் சேஞ்ச்' என்ற சொல் எங்கள் தெருவுக்குக் குடிவந்தது. வந்த வேகத்தில் எல்லாரும் அதை வேலைக்கு அமர்த்திக்கொண்டார்கள். சவரக்கடைக்காரர் என் காதோரம் கீறிவிட்டு, "வெக்கையில கை வேர்க்குது சார், கிளைமேட் சேஞ்ச்" என்றார். டீக்கடையில் டீ தண்ணீராக இருந்தது. கேட்டால், மாடு பால் கறக்கவில்லையாம், கிளைமேட் சேஞ்ச்.

பாய் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏலே, மழை மாறிப்போச்சு, அது நெசம். முன்ன பத்து நாளு நசநசன்னு பேயும். இப்ப அம்புட்டையும் ஒரு மணி நேரத்துல கொட்டிட்டுப் போயிருது. ஊர் உலகம் ஓட்டுற வண்டியும் எரிக்கிற கரியும் சேந்து செஞ்ச வேலை அது. அதுக்காக நீ பால்ல ஊத்துன தண்ணியையும் அதுமேலயா எழுதுவ?"

டீக்கடைக்காரர் அன்று அவருக்கு மட்டும் கெட்டியாக இன்னொரு டீ போட்டார்.

பிறர் விஷயத்தில் மட்டும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வருடம், பழம் இனிப்பேறி வெட்டுக்கு நின்ற நேரத்தில் பருவம் தப்பிப் பெரும் மழை கொட்டியது. பள்ளத்தாக்கு முழுக்கத் திராட்சை வெடித்து உதிர்ந்தது. பாயின் தோட்டத்தில் ஒரு மூலையில் பந்தலே சரிந்து கிடந்தது. பள்ளி விடுமுறையானதால் நானும் கூடப் போயிருந்தேன். சேதம் பார்க்க வந்த அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே வந்தார்.

"அந்த மூலையை எழுதாதீக சார்" என்றார் பாய். "மத்ததெல்லாம் மழை. அந்த மூலை நான்."

"என்ன பாய் சொல்றீங்க?"

"அந்தக் கல்லுக்கால் சாஞ்சு ரெண்டு வருசமாச்சு. இன்னைக்கு மாத்துவோம், நாளைக்கு மாத்துவோம்னு விட்டுட்டேன். நல்ல காலு நின்ன எடத்துல பந்தல் நிக்குது பாருங்க."

அதிகாரி படிவத்தைப் புரட்டினார். "காரணம்கிற எடத்துல மழை, காத்து, பூச்சின்னுதான் இருக்கு. உங்களைப் போட எடமில்லையே."

பின்னால் நின்ற பாயின் வீட்டம்மா சொன்னார்: "பூச்சிக்குக் கீழ எழுதிக்கங்க சார்."

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே ரசித்தவன்தான் நானும். விசாரணை என் வீட்டுக்கு வரும்வரை.

ஓர் ஐப்பசியில், சாயங்காலம் பள்ளிவிட்டு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் வானம் இடிந்து விழுந்தது. அப்படியொரு மழையை நான் பார்த்ததில்லை. ஒரே மணி நேரத்தில் தெரு ஆறாகிவிட்டது. என் வீடு மேடு, உள்ளே சொட்டு நீர் வரவில்லை. எனக்கு மேற்கே இருந்த வரிசை வீடுகளில் தொடையளவு ஏறிவிட்டது. கணவனை இழந்து, தையலை மட்டும் நம்பிப் பிழைத்த செல்வியின் வீடும் அதில் ஒன்று. அவள் தையல் மெஷினின் மோட்டார் தண்ணீருக்குள் முழுகிக் கிடந்தது. பக்கத்திலேயே, ஊர்க்காரர்கள் தைக்கக் கொடுத்த துணிகள் மிதந்தன.

மறுநாள் காலை தெருவே கூடி நின்றது. நான்தான் பேசினேன். "கிளைமேட் சேஞ்ச், இதுக்கு யார் என்ன செய்ய முடியும்?" என்றேன். படித்தவன் சொன்னதால் எல்லாரும் தலையாட்டினார்கள்.

பாய் தலையாட்டவில்லை. கையில் சாக்பீசும் டேப்பும் வைத்திருந்தார். வீடு வீடாகப் போய், சுவரில் தண்ணீர் நின்ற கறையை அளந்து கோடு போட்டார். மேற்கு வரிசை முழுக்கத் தொடை உயரம். என் வீட்டைத் தாண்டிக் கிழக்கே கணுக்கால் உயரம். கடைசியில் என் கொல்லைச் சுவரின் முன் வந்து நின்றார்.

மூன்று வருடங்களுக்கு முன் நான் கட்டிய சுவர் அது. மேற்கே மலையிலிருந்து வரும் ஒரு பழைய ஓடை வாய்க்கால் அந்த இடத்தில் குறுக்கே போனது. பல வருடமாகத் தண்ணீரே வராமல் எருக்கு முளைத்துக் கிடந்ததால், அதையும் சேர்த்து அடைத்துக் கட்டியிருந்தேன்.

"மழை இம்புட்டு உக்கிரமா வந்தது வானத்தோட மாத்தம்" என்றார் பாய். "செல்வி வீட்ல தொடையளவு நின்னது சாரோட சுவரு."

தெரு என்னைப் பார்த்தது. செல்வியும் பார்த்தாள். பிறகு குனிந்து நனைந்த துணியைப் பிழியத் தொடங்கினாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

அன்று மாலை அவர் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன். "ஊர் முன்னாடி என்னை அவமானப்படுத்திட்டீங்க. இத்தனை பெரிய மழைக்கு என் சுவரா காரணம்?"

"மழைக்கு இல்ல சார். தண்ணி நின்னதுக்கு."

"கிளைமேட் சேஞ்ச் இல்லேன்னா சொல்றீங்க?"

"இருக்குன்னுதானே சொல்றேன். ஆனா அம்புட்டும் மேலருந்து வந்ததுன்னு விட்டுட்டா நாம கையக் கட்டிக்கிட்டு உக்கார வேண்டியதுதான். நம்ம பங்கு இதுன்னு தெரிஞ்சா அதையாச்சும் சரி பண்ணலாமுல்ல."

அன்றோடு அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன். இரண்டு மாதம் எதிரெதிர் வீட்டில் முகம் பார்க்காமல் இருந்தோம். காலையில் அவர் அறிவிக்கும்போது நான் ரேடியோவைச் சத்தமாக வைப்பேன்.

ஆனால் பள்ளிக்குப் போகும் வழியில் செல்வி வீடு இருந்தது. மெஷினைப் பிரித்துத் திண்ணையில் காயவைத்துவிட்டு, கையால் காஜா எடுத்துக்கொண்டிருப்பாள். "வாங்க சார்" என்று எப்போதும்போல் சொல்வாள். ஒரு நாள் அந்த 'வாங்க சார்' தாங்க முடியாமல் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். கணக்கு வாத்தியார் கடப்பாரை பிடித்தால் எப்படி இருக்கும்? நாலாவது குத்தில் என் கால்விரல் தப்பியது அதிர்ஷ்டம்.

சத்தம் கேட்டுப் பாய் வந்தார், கையில் அவருடைய கடப்பாரையோடு. அந்தப் பக்கம் அவர் இடித்தார், இந்தப் பக்கம் நான். மதியத்துக்குள் வாய்க்கால் வெளிச்சத்துக்கு வந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவர்தான் முதலில் பேசினார்.

"அந்த ரேடியோவக் கொஞ்சம் கொறச்சு வைங்க சார். செய்தி தப்புத்தப்பாச் சொல்றாக."

அடுத்த வருடம் அதே உக்கிரத்தோடு மழை வந்தது. செல்வி வீட்டு வாசற்படியோடு தண்ணீர் நின்றுவிட்டது. பாய் குடையும் ஸ்கேலுமாகத் தெரு நடுவில் நின்றார். அவர் முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சியை மகள் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை. பிறகு மெல்ல மேற்கே மலையைப் பார்த்தார். "இப்ப நிக்கிறது அம்புட்டும் வானத்தோடது சார். இதுக்கு நம்ம ரெண்டு கடப்பாரை பத்தாது" என்றார்.

வீட்டம்மா இறந்தபின் முழங்காலும் அவரைக் கைவிட்டது. மகள் வந்து கோயம்புத்தூருக்கு அழைத்துப் போனாள். எதிர்வீட்டில் பூட்டுத் தொங்குகிறது.

போன மாதம் மறுபடி பெருமழை. மறுநாள் தெருவில் கூடி நின்றோம். தண்ணீர் எங்கே எப்படி நின்றது என்று ஆளுக்கொன்று சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் எல்லாரும் அந்தப் பூட்டிய கதவைப் பார்த்தோம். பிறகு கலைந்துவிட்டோம்.

வீட்டுக்குள் வந்து அவருக்குப் போன் போட்டேன். குரல் மெலிந்திருந்தது. ஆனால் விசாரணை மெலியவில்லை. எவ்வளவு நேரம் பெய்தது, யார் வீட்டில் எவ்வளவு ஏறியது, எந்தச் சாக்கடை அடைத்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்தேன். "சரி சார், வைக்கட்டுமா?" என்றார்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு சாக்கடையை அடைத்துக்கிடக்கிறது என்று சொன்னேன். இன்னும் கொஞ்ச நேரம் பேசுவாரே.