கறை தேவை

மொட்டை மாடிக் கொடியில் கிளிப் மாட்டிக் காய்ந்துகொண்டிருந்த சதுரத் துணிகளைப் பார்த்ததும் கலீல் ரகுமான் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டார். கைக்குட்டை அளவில், பால் வெள்ளையாக, அவை காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. முந்தின நாள் மாலை அவர் வீட்டு ஃபிரிஜ்ஜில் பத்திரமாக வைத்தபோது அதே துணிகளில் ரத்தம், டீ, சாக்லேட், கரி எண்ணெய், கழுத்து அழுக்கு என்று உலகத்துக் கறையெல்லாம் இருந்தது.

"வஹீதா, இன்னாது இது?"

அவர் மனைவி வஹீதுன்னிசா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"அத நான் கேக்கணும். பால் பக்கத்துல ரத்தத் துணிய கொண்டாந்து வச்சிகிறீங்க. சோறு திங்கற ஊடா இது? நல்லா ஊற வச்சி, மூணு தண்ணி உட்டு அலசி, ஃபிரிஜ்ஜையும் களுவிட்டேன். எப்டி கீது பாருங்க, புதுசாட்டம்."

பாராட்டு வரும் என்று நின்றாள். கலீல் தண்ணீர் டாங்க் நிழலில் மெதுவாக உட்கார்ந்தார்.

அவர் வேலை பார்ப்பது அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு சலவைப் பவுடர் கம்பெனியின் லேபில். அந்தத் துணிகள் கப்பலேறி வந்தவை. வெளிநாட்டில் யாரோ சம்பளம் வாங்கிக்கொண்டு, அளவு பார்த்து, எல்லாத் துணிக்கும் ஒரே மாதிரி கறை வைத்து, காற்றுப் புகாமல் கட்டி அனுப்புகிறார்கள். பவுடரைப் போட்டுத் துவைப்பதற்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை நிறத்தை அளக்கிற மீட்டரில் வைத்துப் பார்த்தால் பவுடரின் யோக்கியதை தெரிந்துவிடும். குளிர்ச்சியில் வைக்காவிட்டால் கெட்டுப்போகும். நம் வீட்டில் இலவசமாகக் கிடைக்கிற அழுக்குக்கு அங்கே அவ்வளவு மரியாதை.

எஸ்டேட்டில் ஞாயிறு முழுக்க மின்தடை. ஜெனரேட்டரும் படுத்துவிட்டது. லேப் மேனேஜர் ஜெகதீசன்தான் துணிகளை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுத்து, "கலீல் பாய், உங்க ஊட்டு ஃபிரிஜ்ல வச்சி திங்கக்கெழம எடுத்தாந்துடுங்க. இது போனா நம்ம எல்லாரும் போனோம்" என்று அனுப்பியிருந்தார்.

அவர் சும்மா சொல்லவில்லை. திங்கட்கிழமை ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் கம்பெனியிலிருந்து ஆள் வந்து புதுப் பவுடரைச் சோதிக்கப் போகிறார்கள். தேறினால் வருஷம் முழுக்க ஆர்டர். தேறாவிட்டால் பவுடர் செக்‌ஷனை இழுத்து மூடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று முதலாளி தங்கராஜ் எல்லோரையும் நிற்கவைத்துச் சொல்லியிருந்தார். வேறு துணி வரவழைக்க மாதமாகும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வஹீதுன்னிசா கொடியிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள்.

"போன் போட்டு உண்மைய சொல்லிடுங்க."

"சொன்னா இன்னிக்கே என்னிய ஊட்டுக்கு அனுப்பிடுவாங்க. இந்த வயசுல எவன் வேல குடுப்பான்?"

"அப்ப இன்னா பண்றது?"

"கறைதானே. நாமளே வச்சிடலாம்."

இந்த நாட்டில் கறை வைப்பதா கஷ்டம் என்று அவருக்கு அப்போது தோன்றியது. டீயில் ஆரம்பித்தார்கள். வஹீதுன்னிசா போட்ட டீயில் துணியை நனைத்துக் காயவைத்தால், யாரோ டீ குடித்ததைத் துணி தூரத்திலிருந்து பார்த்த மாதிரி ஒரு லேசான மஞ்சள்தான் வந்தது. டிகாஷனைச் சுண்டக் காய்ச்சி ஊற்றினார்கள். நிறம் வந்தது, ஆனால் காய்ந்ததும் பாதி வெளிறிவிட்டது.

"படிகாரம் போடுங்க," என்றாள் வஹீதுன்னிசா. "எங்க மாமி துப்பட்டாவுக்கு சாயம் ஏத்தறப்ப போடுவாங்க. அப்புறம் சாவுற வரைக்கும் போவாது."

போட்டார்கள். கறை நன்றாகப் பிடித்துக்கொண்டது. கலீலுக்குக் கொஞ்சம் தெம்பு வந்து, சாக்லேட்டுக்கும் ஒரு சிட்டிகை போடச் சொன்னார்.

ரத்தத்துக்கு மச்சினன் ஜமீரின் கறிக்கடைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கடையை மொய்த்துக்கொண்டிருந்தது.

"இன்னா மச்சான், கறி எவ்ளோ?"

"கறி வேணாம். கொஞ்சம் ரத்தம் வேணும்."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜமீர் கத்தியைக் கீழே வைத்தான்.

"ரத்தத்த வச்சிகினு நீ இன்னா பண்ணப் போற?"

"ஆபீசுக்குடா."

"அக்காகிட்ட பேசிட்டுத் தரேன்," என்ற ஜமீர் அப்படியே போனும் போட்டான். அக்கா சொன்னபிறகுதான் ஒரு பிளாஸ்டிக் டப்பா கைக்கு வந்தது. அந்த டப்பா வீட்டு வாசற்படியைத் தாண்டக் கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், சந்துப் பக்கமிருந்த இரும்பு ஏணியில் ஏறி, மாடியிலேயே ரத்தக் கறை வைத்தார். வெயிலில் காய நேரமாகும் என்று இஸ்திரிப் பெட்டியை மேலே கொண்டுபோய், ஒயரை நீட்டி, நன்றாகச் சூடு ஏற்றி அழுத்தித் தேய்த்தார். ரத்தம் துணிக்குள்ளேயே வெந்து, செங்கல் நிறத்தில் கெட்டியாகிவிட்டது.

கரி எண்ணெய் பைக் செயினிலிருந்து வந்தது. பாக்கி கழுத்து அழுக்கு. அந்தத் துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு வரை வெயிலில் போய்த் திரும்பினார். போதவில்லை என்று மறுபடியும் போனார். தெரிந்த ஒருவர் வழியில் நிறுத்தி, "சளியா பாய்?" என்று விசாரித்தார். கலீல் இருமிக் காட்டிவிட்டு நடந்தார்.

சாயங்காலம் துணிகளையெல்லாம் ஒன்றாக அடுக்கிவைத்துப் பார்த்தபோது ஒரிஜினலைவிடக் கொஞ்சம் அழுத்தமாகத்தான் தெரிந்தது. ஆனாலும் ஓரத்தில் அச்சடித்த எழுத்துகள் போகாமல் இருந்ததால் பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வராது. அன்று அவர் நன்றாகச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை சூப்பர் மார்க்கெட் கம்பெனியிலிருந்து கவிப்பிரியா என்ற பெண் மீட்டரோடு வந்தாள். முதல் துணியை வைத்துப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள்.

"கறை நார்மலா வர்றதவிட டார்க்கா இருக்கே."

"வெயில் காலம் மேடம்," என்றார் கலீல்.

ஜெகதீசன் மெஷினில் துணிகளையும் புதுப் பவுடரையும் போட்டுக் கதவை மூடினார். முதலாளி தங்கராஜ் கைகட்டி நின்று மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். மெஷின் நின்றதும் ஜெகதீசன் துணிகளை எடுத்தார். கறைகளைச் சுற்றியிருந்த துணி பளபளவென்று வெளுத்திருந்தது. அதனால் கறைகள் முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தன.

"தண்ணி சூடு பத்தல," என்றார் ஜெகதீசன். சூட்டை ஏற்றி மறுபடியும் ஓட்டினார். ரத்தம் செங்கல்லிலிருந்து காப்பிக் கொட்டை நிறத்துக்கு வந்தது.

"பவுடர டபுளா போடுங்க," என்றார் முதலாளி. நுரை மெஷின் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து கவிப்பிரியாவின் செருப்பை நனைத்தது. செருப்பு சுத்தமானது. துணி அப்படியேதான் இருந்தது.

கவிப்பிரியா மீட்டரைப் பைக்குள் வைத்தாள். "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. இந்தப் பவுடர் கறைய எடுக்கல. பாலிஷ் போட்டிருக்கு."

தங்கராஜ் ஈரத் துணி ஒன்றை எடுத்துக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். திரும்பவும் தேய்த்தார். வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து அவர் அந்தப் பவுடரைத் தயாரித்தது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். கலீல் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடலாம் என்று ஓரடி முன்னால் வந்து வாயைத் திறந்தார்.

"சார்," என்றார். எல்லோரும் திரும்பினார்கள். "டீ சொல்லட்டுமா?"

அந்த வாரமே அறிவிப்பு வந்துவிட்டது. மாதக் கடைசியோடு பவுடர் செக்‌ஷனும் லேபும் மூடப்படும். பேக்கிங்கில் இருந்த ராஜம்மா கேட்டதும் கால் நீட்டி மூட்டைமேல் உட்கார்ந்தவள், லஞ்ச் மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. கலீல் அவளைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போனார். பயந்து பயந்து காப்பாற்றிய வேலையும் போயிற்று, கூட இருந்த எல்லோருடைய வேலையும் போயிற்று. வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்தவரின் எதிரில் வஹீதுன்னிசா தண்ணீர்ச் சொம்போடு நின்றாள்.

"எல்லாம் என்னாலதான்," என்றாள்.

"உன்னால ஒண்ணும் இல்ல. இந்தக் கம்பெனி பவுடர பத்தி எனக்குத் தெரியாதா? பழைய பவுடர்ல நுரதான் வரும், அழுக்கு போவாது. அதான் நம்ம ஊட்டுக்கே நான் கொண்டாந்தது இல்ல. புதுசு மட்டும் இன்னாத்த கிழிச்சிருக்கும்? நெசக் கறைய குடுத்திருந்தாலும் தோத்துதான் இருக்கும்."

"நெசமா?"

"சத்தியமா."

சொல்லச் சொல்ல அது அவருக்கே உண்மையாகப் பட்டது. தோற்கப் போகிற பவுடர் தோற்றது, அதில் தன் பங்கு என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டார். பல நாள் கழித்து நெஞ்சு லேசாக இருந்தது. தண்ணீரை வாங்கி முழுதாகக் குடித்தார். கொஞ்சம் சோறு போடச் சொன்னார்.

எதிர் வீட்டு எழிலரசி கதவைத் தட்டிவிட்டுத் தலையை மட்டும் உள்ளே நீட்டினாள்.

"இன்னா எழில்?" என்றாள் வஹீதுன்னிசா.

"அண்ணன் கம்பெனிய மூடறாங்களாமே. அதுக்குள்ள அந்தப் புதுப் பவுடர் ரெண்டு பாக்கெட் வாங்கியாந்து குடுக்கச் சொல்லுக்கா."

"அத எங்க பாத்த நீ?" என்றார் கலீல்.

"இன்னாண்ணே, நல்லா இருக்காதுன்னு நீங்கதானே அந்த சாம்பிள் பாக்கெட்ட என்கிட்ட தள்ளிவுட்டீங்க. அன்னிக்கு சோப்பு தீந்துபோச்சுன்னு அக்கா அந்த ரத்தத் துணியெல்லாம் தூக்கினு வந்தப்ப அதுலதான் ஊற வச்சோம், கசக்கக்கூட இல்ல, அத்தினி கறையும் தானா போயிடுச்சு."