ஏழாம் நம்பர் வீட்டுச் சன்னல்

மூன்றாம் டிவிஷன் லயம்,
ஜெராம்.
18.6.1987, வியாழன்

அன்பு மச்சான் செல்லையாவுக்கு இராமையா எழுதுவது. ரவாங்கில் நீங்களும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியாத்தா துணை. உங்கள் அக்காள் லீலாவதி போய் எட்டு மாதமாகியும் நான் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு நலமாக இருக்கிறேன் என்று எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. நிற்க.

அடுத்த மாதம் நம் லயத்து வீட்டு வரிசையை இடிக்கப் போகிறார்கள். அதற்குள் பல்கலைக்கழகத்தில் கட்டட வரலாறு ஆராயும் ரமணி என்ற பெண் ஒருநாள் வந்து பன்னிரண்டு வீட்டையும் டேப் பிடித்து அளந்துகொண்டு போனாள். அளவுகளைக் கம்ப்யூட்டரில் போட்டால் நாற்பது எஸ்டேட்டு லயங்களை அது ஒரே மூச்சில் ஒப்பிட்டு, எந்த வீட்டில் எதை மாற்றியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுமாம். மனிதர் செய்தால் பத்து வருஷம் பிடிக்குமாம். போன வாரம் ஓரமெல்லாம் ஓட்டை ஓட்டையாக இருக்கும், லயத்துப் படம் போட்ட ஒரு நீளக் காகிதத்தோடு திரும்பி வந்தாள். "ஐயா, மத்த எஸ்டேட்டுல எல்லாம் ஆளுங்க ஏதாச்சும் மாத்தியிருக்காங்க. உங்க லயத்துல மட்டும் பன்னெண்டு வீடும் அச்சு ஒன்னுதான் லா. யாருமே குடியிருக்காத மாதிரி இருக்கு" என்றாள்.

மச்சான், அவள் அளக்க வந்த அன்று என்ன நடந்தது தெரியுமா? ஜீப் சத்தம் கேட்டது. இங்கே ஜீப் என்றால் துரை, துரை என்றால் சுவரில் ஓர் ஆணி கூடுதலாக இருந்தாலும் தண்டனை. எஸ்டேட்டை விற்றுவிட்டுத் துரை போய் மூன்று வருஷமாகிறது, எல்லோருக்கும் தெரியும், ஆனால் அந்தச் செய்தி எங்கள் காதுகளுக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. பக்கத்து வீட்டு வீரன் தடுப்புப் பலகையைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான், நான் சன்னலை மூடி எட்டு ஆணி அடித்தேன், மற்ற பத்து வீட்டிலும் இதே கதைதான். இதில் பெரிய கூத்து, ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து ஊரார் வீட்டு மாற்றங்களையெல்லாம் துரைக்கு எழுதிக் கொடுத்தவனே நான்தான்.

எந்தச் சன்னல் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. படுத்த படுக்கையான பிறகு, பைப்படியில் யார் யாரோடு சண்டை போடுகிறார்கள் என்று பார்க்காமல் தனக்குச் சோறு இறங்காது என்றாளே உங்கள் அக்காள். நீங்கள் ரம்பத்தின் ஒரு முனையைப் பிடிக்க, பின்சுவரை அறுத்து, அறுத்த பலகையையே கதவாக்கினோம், மூடினால் வெறும் சுவர் என்று தோன்றும்படி. ஐந்து வருஷம் அந்த இரண்டடிச் சன்னல் வழியாகத்தான் அவள் வெளியே பார்த்தாள். படுத்தபடியே பைப்படிச் சண்டைகளில் கலந்துகொண்டாள், சிலவற்றில் ஜெயித்தும் இருக்கிறாள். என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான் மச்சான். லயம் போனபின் கம்ப்யூட்டர் போட்ட படம்தான் மிஞ்சும். அதிலும் இல்லையென்றால் அவள் சன்னல் எங்கேயும் இல்லை.

பயந்து செத்த காலம் போதும். ஆணிகளைப் பிடுங்கிவிட்டேன், திறந்த சன்னல் வெளிச்சத்தில்தான் இதை எழுதுகிறேன். சனிக்கிழமை ரமணி கடைசித் தடவையாக வருகிறாள். நேரே கூட்டிப்போய்க் காட்டி, மண்டோர் இராமையாதான் அறுத்தான், பொண்டாட்டிக்காக அறுத்தான் என்று எழுதிக்கொள்ளச் சொல்வேன். நீங்கள் சாட்சியாகப் பக்கத்தில் வந்து நின்றால் போதும்.

வீட்டம்மாவையும் பிள்ளைகளையும், அக்காள் இருந்தால் எப்படி வாழ்த்துவாளோ அப்படியே வாழ்த்தும்,
இராமையா

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது ஜீப் சத்தம் கேட்டது. ரமணி இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டாள். "ஐயா, அன்னைக்கு எடுத்த பலகைக் கணக்கையும் நேத்து கம்ப்யூட்டர்ல போட்டேன். உங்க ஏழாம் நம்பர் வீட்டுப் பின்சுவர்ல மட்டும் நாலு பலகை துண்டு துண்டா இருக்குன்னு காட்டுது. அங்க சன்னல் கின்னல் ஏதும் இருந்துச்சா?" என்று கேட்டாள். அப்போது சன்னல் மூடியிருந்தது, சுத்தியல் என் கையில் இருந்தது. "ஒன்னும் இல்லம்மா, கறையான் அரிச்சுருச்சு, ஒட்டுப் போட்டேன்" என்றேன். படத்தில் அந்த இடத்தில் பென்சிலால் 'கறையான்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள். சனிக்கிழமை நீங்கள் வரவேண்டாம்.