ஒட்டகமும் என் கைப்பையும்

படித்தவர்களுக்குப் பயம் அதிகம். கைப்பேசியில் பாதி மட்டும் படித்தவர்களுக்கு இன்னும் அதிகம். நான் இரண்டாவது ரகம்.

மகள் யாழினியின் மூன்றாவது பிறந்தநாளுக்கு, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் கோப்பெங் பக்கம் உள்ள ஒரு விலங்குப் பண்ணைக்குப் போனோம். அங்கே ஓர் ஒட்டகம் நின்றது. (பேராக் மழைக்குத் தன்னைக் கூட்டிவந்த ஆளைத் தேடுவதுபோல் எல்லாரையும் முறைத்துக்கொண்டிருந்தது.) யாழினி நீட்டிய கேரட்டைத் தின்றுவிட்டு, அவள் முகத்தைத் தாடையிலிருந்து நெற்றிவரை ஒரே இழுப்பில் நக்கியது. பிள்ளை கைதட்டிச் சிரித்தாள்.

நான் கைப்பேசியைத் திறந்தேன். நோயே இல்லாத ஒட்டகங்களிடமும் நோய் தரும் பாக்டீரியா இருக்கலாம், அவற்றில் சில ஆன்டிபயாட்டிக்குக்கும் சாகாமல் போகலாம் என்றது ஒரு கட்டுரை. (அந்த 'லாம்'கள் எதுவும் என் கண்ணில் படவில்லை.)

“ஐயோ, இந்த ஒட்டகம் ஆரோக்கியமா இருக்கு!” என்று அலறினேன்.

“நல்லதுதானே லா, அண்ணி?” என்றாள் நாத்தனார் கோமதி.

“அதுதான் ஆபத்து!”

ஈரத்துணியால் நான் தேய்த்த தேய்ப்பில் யாழினி வீறிட்டாள். பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகளும் சேர்ந்து அழுதார்கள். கணவர் சுரேன் காரை நேரே ஈப்போ நகரத்துக் கிளினிக்குக்கு ஓட்டினார். வெட்டாத கேக்கை மடியில் வைத்தபடி கோமதி பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

கிளினிக்கில் ஒட்டகக் கதையை நான் ஒரே மூச்சில் சொல்லி முடித்ததும், டாக்டரம்மா பிள்ளையை நன்றாகப் பார்த்தார்.

“காய்ச்சல் இருக்கா?”

“இல்ல.”

“வாந்தி, பேதி?”

“இனிமேதான் வரும் டாக்டர். நல்ல ஸ்ட்ராங்கா ஆன்டிபயாட்டிக் குடுங்க.”

“எதுக்கு?”

“ஆன்டிபயாட்டிக்குக்குச் சாகாத பாக்டீரியாவுக்கு.”

சொன்னது என் காதிலும் விழுந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

“மருந்துகூட வேணாம், கையிலயே இருக்கு. எவ்ளோ குடுக்கணும்னு மட்டும் சொல்லுங்க” என்று கைப்பையை மேசைமேல் கவிழ்த்தேன். பல்வலிக்கு வாங்கி, வலி நின்றதும் சுரேன் நிறுத்திய மாத்திரைகள். கோமதி இருமலுக்கு வாங்கி, மிச்சத்தை எனக்குத் தந்த அட்டை. யாழினி எப்போதோ குடித்த மருந்து, அரை போத்தல். (எங்கள் குடும்பத்தில் கறிவேப்பிலைக்கு அடுத்தபடி வீட்டுக்கு வீடு கைமாறுவது ஆன்டிபயாட்டிக்தான்.)

டாக்டர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். “ஏன்மா எல்லாம் பாதியில நிக்குது?”

“சரியாப் போச்சே டாக்டர். மிச்சத்த வீச மனசு வரல.”

“யாருக்கோ குடுத்தத இந்தப் பிள்ளைக்கு ஊத்தப் பாத்தீங்களா? ஒட்டகம் நக்கினா சோப்புப் போட்டுக் கழுவுங்க. காய்ச்சலோ பேதியோ வந்தா உடனே தூக்கிட்டு வாங்க. மருந்துக்கு அடங்காத கிருமி ஒட்டகத்துகிட்ட மட்டும் வளரல மா, இப்படிப்பட்ட பையிலயும்தான் வளருது.” பிறகு சுரேன் பக்கம் திரும்பினார். “இவங்கள அந்த ஒட்டகத்துகிட்ட விடாதீங்க. அது ஆரோக்கியமா இருக்கு, பாவம்.”

கோமதி சிரித்த சிரிப்பில் கேக் பெட்டி தரையில் விழுந்தது.

யாழினிக்கு எதுவும் வரவில்லை. மருந்துகள் எல்லாம் டாக்டரிடமே தங்கிவிட்டன. ஆனால் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும், கேக் வெட்டும் முன் கோமதி பணிவாகக் கேட்பாள்:

“அண்ணி, பிள்ள ஆரோக்கியமா இருக்கா?”

“இருக்கா” என்பேன், வேறு வழியில்லாமல்.

“அதுதான் ஆபத்து!” என்று வீடே கத்தும். இப்போதெல்லாம் முதலில் கத்துவது யாழினி.