வடைக்கு ஒரு பதில் ஆள்

சிவகாசியில் சங்கரலிங்கம் காலண்டர் கம்பெனி என்று ஒன்று. ஆடிப் பதினெட்டு அன்று மாதிரிக் காலண்டர் படங்கள் அடங்கிய புது ஆல்பத்துக்குப் பூஜை போட்டு, ஆர்டர் பிடிக்கிறவர்கள் கையில் ஆளுக்கொரு பையைக் கொடுத்து லைனுக்கு, அதாவது அவரவர் ஊர்ச்சுற்றுக்கு, அனுப்புவது அங்கே வழக்கம். அந்த வருஷம் பையோடு சேர்த்து ஆரோக்கியத்தையும் கொடுத்தனுப்பினார்கள்.

எல்லாம் முதலாளி மகன் ஹரிஷ்குமாரின் வேலை. பெங்களூர்ப் பக்கம் ஏதோ நல்வாழ்வு முகாமுக்குப் போய் வந்திருந்தார். அங்கே கீரையை அரைத்துக் குடிக்கக் கொடுத்து, மூச்சு விடுவது எப்படி என்று கற்றுக்கொடுத்தார்களாம். அதுவரைக்கும் அவர் எப்படி விட்டுக்கொண்டிருந்தார் என்று யாரும் கேட்கவில்லை. வந்த வேகத்தில் கோடவுனை ஒட்டிய அறைக்கு ஏசி மாட்டி, கண்ணாடிக் கதவு போட்டு, 'பயண நல்வாழ்வுப் பிரிவு' என்று போர்டு வைத்தார். உள்ளே அதிகாரியாகக் கீர்த்திகா, சத்துணவு படித்த பெண். தங்கமான பிள்ளைதான். ஆனால் சுற்றறிக்கை எழுத உட்கார்ந்தால் மட்டும் அவளுக்குள் ஒரு தாலுகா ஆபீஸே குடிவந்துவிடும்.

"அடிக்கடி வெளியூர் செல்லும் பிரதிநிதிகள் மேற்படி பயணத்தின்போது எண்ணெயில் பொரித்த பண்டங்களை உட்கொள்ளலாகாது. தவிர்க்க இயலாத பட்சத்தில், மேற்படி பண்டத்தின் புகைப்படத்தைப் பிரிவுக்கு அனுப்பி, முன் அனுமதி பெற்ற பின்னரே வாயில் இட வேண்டும்."

இதில் வசமாக மாட்டியவர் சங்கரபாண்டியன். சங்கரன்கோவில், தென்காசி லைன் அவருடையது. ஊர் ஊராக பஸ்ஸில் போய், சங்கரன்கோவிலில் இறங்கினால் பிரியாணி, தென்காசியைத் தாண்டினால் பார்டர் பரோட்டா என்று வளர்ந்த உடம்பு. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை எக்கச்சக்கம்.

"பொங்கலுக்குள்ள கொறையலன்னா உங்கள லைன்ல இருந்து எடுத்து பைண்டிங் செக்‌ஷன்ல உக்கார வச்சிருவாக அண்ணாச்சி" என்றாள் கீர்த்திகா.

"கொறைச்சிருதேன் தாயி."

"ஆர்டரும் கொறையக்கூடாதுன்னு சார் சொல்லச் சொன்னாரு."

லைன்தான் சங்கரபாண்டியனுக்கு உயிர். பஸ் ஜன்னலோரம் ஆல்பப் பையை மடியில் வைத்துக்கொண்டு போனால்தான் தானும் ஒரு மனுஷன் என்று அவருக்குத் தோன்றும். பைண்டிங் செக்‌ஷனில் பசை வாசத்துக்கு நடுவே அவரை உட்கார வைப்பதும் ஒன்றுதான், படுக்க வைப்பதும் ஒன்றுதான்.

முதல் சோதனை சங்கரன்கோவிலில், ஆண்டிச்சாமியின் இரும்புக் கடையில் வந்தது. வருஷா வருஷம் பெரிய ஆர்டர் கொடுக்கிறவர். சங்கரபாண்டியன் உட்கார்ந்ததும் தட்டு நிறைய உளுந்தவடை வந்தது. சங்கரபாண்டியன் போனை எடுத்தார்.

"என்ன அண்ணாச்சி, வடையப் போட்டோ பிடிக்கீக?"

"ஆபீஸுக்கு அனுப்பணும்."

பிரிவிலிருந்து உடனே பதில் வந்தது: "நிராகரிக்கப்படுகிறது. மாற்றாகச் சுண்டல் பரிசீலிக்கப்படும்."

"சாப்பிடக் கூடாதாம்" என்றார் சங்கரபாண்டியன், திருடன் மாதிரி முழித்துக்கொண்டு.

ஆண்டிச்சாமியின் முகம் கறுத்தது. "போன வருஷம் முருகன் படத்துல வேல் மங்கலா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னேன். அத மனசுல வச்சிக்கிட்டுத்தான இப்படிச் செய்தீக?"

"ஐயோ, சத்தியமா இல்ல. சுகரு..."

"சுகர் யாருக்கு இல்ல? நம்ம கடையில கை நனைக்காதவுகளுக்கு நான் ஆர்டர் குடுத்தது கெடையாது. போய்ட்டு வாங்க."

அடுத்த கடையிலும் இதே கதை. டீ வேண்டாம் என்றதும் ஜவுளிக்கடைக்காரர் ஆல்பத்தை மூடினார். பஜ்ஜி வேண்டாம் என்றதும் நகைக்கடைக்காரருக்குத் திடீரென்று வேலை வந்துவிட்டது. வெறும் பையோடு சிவகாசியில் வந்து இறங்கினார் சங்கரபாண்டியன்.

ஹரிஷ்குமார் அவசரக் கூட்டம் போட்டார். கண்ணை மூடி, கற்றுக்கொண்ட முறைப்படி மூச்சு விட்டார். பிறகு கேட்டார்.

"வடையச் சாப்பிட்டாத்தான் ஆர்டர். சரியா?"

"சரி சார்."

"ஆனா அண்ணாச்சி சாப்பிடக்கூடாது. சரியா?"

"சரி சார்."

"அப்ப வேற ஆள் சாப்பிடட்டும். இவரேதான் சாப்பிடணும்னு எங்கயாச்சும் எழுதியிருக்கா?"

எழுதியிருக்கவில்லை. கூட்டம் கைதட்டியது. கம்பெனியிலேயே குறைந்த சர்க்கரை யாருக்கு என்று தேடி, பைண்டிங் செக்‌ஷனில் ஓணான் மாதிரி ஒல்லியாக இருந்த முனியராஜைப் பிடித்தார்கள். "மேற்படி பிரதிநிதியின் சார்பில் மேற்படி பண்டங்களை உட்கொள்ளும் பொருட்டு" என்று தொடங்கி, அவனுக்கு உணவுப் பிரதிநிதி என்று பதவியும் கொடுத்தார்கள்.

மறுபடியும் ஆண்டிச்சாமி கடை.

"கூட இது யாரு?"

"எனக்குப் பதிலா சாப்பிட வந்திருக்காப்ல."

ஆண்டிச்சாமி தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். "அதனால என்ன? இதுவும் கம்பெனி வாய்தான" என்று தட்டை முனியராஜ் பக்கம் தள்ளினார். முனியராஜ் தட்டைத் துடைத்து வைத்தான். ஆர்டர் போன வருஷத்தை விட அதிகம்.

சீசன் அமோகமாக ஓடியது. முனியராஜ் கடைக்குக் கடை வடை, பஜ்ஜி, அல்வா என்று கடமையாற்ற, சங்கரபாண்டியன் ஓரமாகச் சுண்டல் தின்றுகொண்டு ஆர்டர் எழுதினார். நாளாக ஆக, கடைக்காரர்கள் "தம்பி வரலியா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். சாப்பிடுகிறவன் மேல்தான் பாசம்.

பொங்கல் கழித்து ரத்தம் எடுத்தார்கள். சங்கரபாண்டியனுக்குச் சர்க்கரை சுத்தமாக இறங்கியிருந்தது. முனியராஜுக்கு ஏறியிருந்தது. கீர்த்திகா பதறிப்போய் ஹரிஷ்குமாரிடம் ஓடினாள்.

"ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுங்க" என்றார் ஹரிஷ்குமார்.

வகுத்தாள். "நார்மல் சார்."

"பெறகென்ன? கம்பெனி ஆரோக்கியமா இருக்கு!"

சங்கரபாண்டியனுக்கு விழா எடுத்து, சால்வை போர்த்தி, கேடயம் கொடுத்தார்கள். மேடையிலேயே அடுத்த அறிவிப்பும் வந்தது. கடைக்காரர்கள் கேட்பது முனியராஜைத்தான் என்பதால், சங்கரன்கோவில் லைன் இனி முனியராஜுக்கு. எந்த லைனுக்காக சங்கரபாண்டியன் ஒரு சீசன் முழுக்கச் சுண்டல் தின்றாரோ அந்த லைன், கேடயத்தைப் பிடித்திருக்கும்போதே கையை விட்டுப் போகிறது.

ஆனால் சட்டம் எல்லாருக்கும் பொது. முனியராஜுக்கு இப்போது சர்க்கரை. அவன் பயணத்தில் எண்ணெய்ப் பண்டம் தொடலாகாது. ஆகவே அவனுக்கு ஓர் உணவுப் பிரதிநிதி வேண்டும். கம்பெனியிலேயே குறைந்த சர்க்கரை யாருக்கு என்று தேடினார்கள். எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. மேடையிலேயே, சால்வையோடு நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த ஆடியில் இருவரும் ஆண்டிச்சாமி கடையில் போய் இறங்கினார்கள். ஆல்பப் பை முனியராஜ் மடியில். வடைத் தட்டு சங்கரபாண்டியன் முன்னால். எப்படியோ லைனுக்கு வந்துவிட்டோம் என்று அவருக்குக் கண் கலங்கியது.

"நீங்க ஒண்ணு எடுத்துக்கிடலையா மொதலாளி?" என்று முனியராஜ் ஆண்டிச்சாமியிடம் மரியாதைக்குக் கேட்டான்.

"எனக்கா? ரொம்ப வருஷமா சுகர்லே. வடை இருக்க பக்கமே போகக்கூடாதுன்னுட்டாரு டாக்டர். அண்ணாச்சிக்குப் பிடிக்குமேன்னுல்லா ஆள் விட்டு வாங்கியாறச் சொல்லுதேன்."

சங்கரபாண்டியன் நிமிர்ந்தார். "எனக்கா பிடிக்கும்? உளுந்தவடை எனக்கு ஆகவே ஆகாது, ராவெல்லாம் நெஞ்செரியும். உங்க மனசு கோணக்கூடாதேன்னுல்லா இம்புட்டு வருஷமாத் தின்னேன்."

மூன்று பேரும் வடையைப் பார்த்தார்கள்.

"அப்ப யாருக்குமே வேண்டாம்னா, தட்ட எடுத்துறலாமே?" என்றான் முனியராஜ்.

"ஏலே, வெவரம் கெட்டவனே!" என்று இருவரும் ஒரே குரலில் அவன்மேல் பாய்ந்தார்கள். "எடுத்துட்டா ஆர்டர எப்படிலே எழுதுறது?"

சங்கரபாண்டியன் போட்டோ எடுத்து அனுப்பினார். "பணி நிமித்தம் அனுமதிக்கப்படுகிறது. குறைந்தபட்சம் இரண்டு வடைகள் சாப்பிடவும்" என்று பதில் வந்தது.